கேள்வியில் இல்லாத இருமல்

போன ஞாயிற்றுக்கிழமை நம் வாசலுக்குக் கணக்கெடுக்க வந்த பச்சை டீ-சர்ட்காரர்களின் முகத்துக்கு நேராக நான் கதவைச் சாத்தினேன். அதற்காக நீங்கள் இரண்டு பேரும் என்னோடு பேசாமலே ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். பெரியவள் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏனுங்கப்பா, ஊடு தேடி வந்தவங்கள இப்படித்தான் பண்ணுவீங்களா? அவங்களும் எங்கள மாதிரி படிக்கற பசங்கதான?" என்று கேட்டாள். பிள்ளைகள் எதிர்த்துக் கேட்டால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நான் தொண்டு நிறுவனங்களுக்கு எதிரி இல்லை. சின்னவன் எழுத்துக்கூட்டிப் படித்ததே அப்படி ஒரு நிறுவனம் நம் காலனியில் நடத்திய சாயங்கால வகுப்பில்தான். அந்த டீச்சருக்கு இன்றைக்கும் கும்பிடு போடுவேன். என் ஆத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல். நம் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் சாயப்பட்டறைச் சாயம் கலந்திருக்கிறதா இல்லையா என்று இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. நாம் அதே தண்ணீரில்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறோம். இரத்தம் எடுத்தார்கள். பிள்ளைகளின் எடையும் உயரமும் எடுத்தார்கள். எதையுமே அவர்கள் திருப்பித் தந்ததாக எனக்கு நினைவில்லை. அதைக் கேட்டால், "ரிப்போர்ட் மேல அனுப்பியாச்சுங்க" என்பார்கள். மேலே என்றால் எங்கே? நமக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான் இருக்கிறது.

ஆனால் கதவைச் சாத்தியது தண்ணீருக்காக இல்லை. உங்கள் அம்மாவுக்காக.

நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். நானும் அம்மாவும் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தோம். நான் ஓவர்லாக் டெய்லர், அம்மா எனக்குக் கைமடி. நான் தைத்துத் தள்ளுகிற பீஸை எதிரே நின்று வாங்கி, மடித்து, அடுத்ததை எடுத்துக் கொடுக்கிற வேலை. வெயில்காலம் முழுக்க நாங்கள் தைத்தது வெளிநாட்டுக் குளிருக்கான ஃபிளீஸ் துணி. உள்பக்கம் பூனைமுடி மாதிரி இருக்குமே, அது. ஓவர்லாக் மெஷினில் உள்ள கத்தி தைக்கும்போதே துணி ஓரத்தை வெட்டும், அப்போது பஞ்சு பறக்கும். தைக்கிற எனக்கு அது பக்கவாட்டில் போகும். எதிரே நிற்கிற அம்மாவுக்கு நேராக மூஞ்சியில் போகும். சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தால் அவள் புருவம் நரைத்திருக்கும். "பாருங்க, ஒரே ஷிப்டுல கெழவி ஆயிட்டேன்" என்று சிரிப்பாள்.

பிறகு சிரித்தால் இருமல் வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, தூசி இல்லாத இடத்தில் வேலை பார்க்கச் சொன்னார். எங்கள் கம்பெனியில் அப்படி ஓர் இடம் இருந்தது, அது முதலாளி ரூம்.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. எங்கோ பெரிய ஊர்க்காரர்கள். உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று அவர்களோடு சேர்ந்து வேலை பார்த்தது. நம் தெருவில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பஞ்சுத்தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பார்க்கப் போகிறோம், எந்தத் தையல் லைனில் ஆட்களுக்கு மூச்சு பாதித்திருக்கிறதோ அந்த லைனுக்குத் தூசி உறிஞ்சும் மெஷின் நாங்களே போட்டுக் கொடுக்கப் போகிறோம் என்றார்கள். மெஷினின் படத்தைக்கூடக் காட்டினார்கள். ஓவர்லாக் கத்தி பக்கத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா, "அந்தக் குழா மட்டும் வந்துருச்சுன்னா நான் பாட்டுக்கு நிப்பனுங்க. பெரியவ காலேஜ் முடிக்கற வரைக்கும் நிப்பேன்" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். லீவு வேண்டாம், நஷ்டஈடு வேண்டாம். வேலையும் இருக்க வேண்டும், மூச்சும் இருக்க வேண்டும்.

அந்த நிறுவனம் முறைப்படி முதலாளியிடம் நாள் குறித்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தது. அங்கேதான் கெட்டது.

ஆடிட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நாம் தைப்பதை வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆட்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்து, கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிற நாள். அன்றைக்கு மட்டும் கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். முந்தின நாளே காற்றுக் குழாயை வைத்து மெஷின் தூசியை ஊதித் தள்ளுவோம். ஃபேனில் தொங்குகிற பஞ்சைத் துடைப்போம். மருந்துப் பெட்டியின் பூட்டு திறக்கும். நடைபாதைக்காகத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு மேல் கிடக்கிற துணிக்கட்டுகள் எல்லாம் நகரும். யார் கேட்டாலும் சொல்ல வேண்டிய பதில்கள் எங்களுக்கு மனப்பாடம்: எட்டு மணி நேரம் வேலை, மாஸ்க் கொடுக்கிறார்கள், குடிதண்ணீர் இருக்கிறது, புகார்ப்பெட்டி இருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் திருப்பூரில் எவனும் இதைத் தப்பில்லாமல் சொல்வான். சொல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் எல்லோரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்த அன்றைக்கு ஆடிட் மாதிரி நடந்துகொள்ளுங்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், முதலாளிகூடச் சொல்லவில்லை. கழுத்தில் அட்டை தொங்கியது, கையில் டேப்லெட் இருந்தது, பக்கத்தில் எச்.ஆர். நின்றார். எங்களுக்கு அது போதும். டிராயரிலிருந்து மாஸ்க்குகள் தாமாக வெளியே வந்தன. ஃபிளீஸ் பண்டல்களை யாரோ குடோனுக்குத் தள்ளிவிட்டு, பருத்தி டீ-சர்ட்டை மெஷினில் ஏற்றிவிட்டார்கள்.

ஆடிட்டுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வயசு குறைந்த பிள்ளைகள், உடம்பு சரியில்லாதவர்கள், மயங்கி விழக்கூடியவர்கள் எல்லோரையும் கண்ணில் படாமல் மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் சூப்பர்வைசர் அக்கா நல்லவர், அம்மாமேல் பிரியம் உள்ளவர். அவரே ஓடி வந்து, "கண்ணு, நீ மேல போயிரு. இவங்க முன்னால இருமித் தொலைக்காத. டீ மேலயே குடுத்துடறேன்" என்றார். அம்மாவும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். லைனில் இருமுகிறவர்கள் எல்லோருமே ஏறினார்கள். யாருக்காக அந்த நிறுவனம் வந்ததோ அவர்கள் எல்லோரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு வெள்ளைக் குழாயை ஊதச் சொன்னார்கள். ஊதினால் ஒரு முள் நகரும். துணி வெட்டுகிற கட்டிங் பையன்கள் யார் முள்ளை அதிகம் தள்ளுவது என்று போட்டி போட்டு ஊதினார்கள். கேள்வி கேட்ட பெண் டேப்லெட்டைப் பார்த்துப் படித்தது. "கடந்த மாதங்களில் தங்களுக்குச் சளியுடன் கூடிய இருமல் இருந்ததுண்டா?" என் பக்கத்து மெஷின்காரர் கேள்வி முடியும் முன்பே, "புகார்ப்பெட்டி இருக்குதுங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்தது. சிரித்துவிட்டு 'இல்லை' என்பதில் விரலை வைத்தது. எனக்கும் அப்படித்தான். "எட்டு மணி நேரங்க, மாஸ்க் குடுக்கறாங்க" என்று என் வாய் தன்பாட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டது.

இது எங்கள் தப்புத்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். வருஷக்கணக்காகப் பொய் சொல்லப் பழக்கப்பட்ட ஊருக்கு உண்மை தேடி வருகிறவன், முதலாளியிடம் நாள் கேட்டுக்கொண்டு, எச்.ஆரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டா கேட்பான்? இவ்வளவு படித்தவர்களில் ஒருத்தருக்குமா தோன்றவில்லை, இவர்கள் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போகிற வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்திக் கேட்போம் என்று?

சில மாதம் கழித்துத் திருப்பூரில் ஒரு மண்டபத்தில் முடிவை வாசித்தார்கள். தொழிலாளர்கள் என்று எங்களையும் வேனில் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கோட்டுப் போட்ட பெரியவர் இங்கிலீஷில் பேச, ஒருவர் தமிழில் சொன்னார். எங்கள் கம்பெனி மாதிரியான ஏற்றுமதி கம்பெனிகளில் மூச்சு பாதிப்பு கவலைப்படும்படி இல்லை. மாஸ்க் பழக்கம் பாராட்டும்படி இருக்கிறது. ஆகவே மெஷின் தேவைப்படவில்லை, விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டினால் போதும். கை தட்டினார்கள். எங்கள் வரிசையிலும் தட்டினார்கள். மேடை மேல் யாராவது பேசி நிறுத்தினால் தட்டுவதும் எங்களுக்குப் பழக்கம்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமலை உள்ளேயே முழுங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"ஏனுங்க, நீங்க சொல்றது தப்புங்க" என்றேன். மைக் கொடுத்தார்கள். மைக் கைக்கு வந்ததும் பாதி மறந்துவிட்டது. "அன்னைக்கு நீங்க வந்தது... அது ஆடிட் மாதிரி ஆயிப்போச்சுங்க. இருமறவங்க எல்லாம் மாடியில இருந்தாங்க. ஃபிளீசே ஓடல. நீங்க பாத்தது எங்கள இல்லீங்க."

தமிழில் சொன்னவர் அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, கோட்டுக்காரர் மலர்ந்து சிரித்தார். "உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்று தமிழில் வந்தது. மைக்கை வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தவர் ஏ.சி. குளிர் அதிகம் என்றார், அதைக் குறைத்தார்கள். வெளியே வரும்போது ஒரு பாக்கெட் மிக்சரும் ஒரு மாஸ்க்கும் கொடுத்து, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் நானும் இருக்கிறேன். எங்காவது ஒரு பளபளப்பான புத்தகத்தில் உங்கள் அப்பன் கண்ணைப் பார்த்தால் தெரிந்துகொள்ளுங்கள், அது நன்றியில் விரிந்த கண் இல்லை.

கேள்வி கேட்ட அந்தப் பெண் வேனுக்குப் பக்கத்தில் வந்தது. தாராபுரம் பக்கத்துப் பிள்ளை. "அண்ணா, எனக்கும் அன்னைக்கே சந்தேகந்தானுங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. ஆனா நான் கேட்டு எழுதறவ மட்டுந்தான். யோசிக்கறதுக்கு வேற ஆளு இருக்காங்க" என்றது. பிறகு வேனுக்குள் இருமிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கிழம எங்க சாரைக் கூட்டிட்டு உங்க ஊட்டுக்கே வரட்டுங்களா? அக்காவ ஊதச் சொல்லிப் பாக்கலாம்" என்றது. எனக்கு உயிர் வந்தது. உங்களை அம்மாவின் ஊருக்கு, அம்மாயி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டைப் பெருக்கி, பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி வாங்கி வைத்தேன்.

வந்தார்கள். சார் கண்ணாடி போட்ட அமைதியான மனுஷர். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். வந்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூஞ்சியில் மாஸ்க். கழுத்தில் கம்பெனி அட்டை. தலையில், நூல் படாமல் இருக்கக் கம்பெனியில் கட்டுகிற துணி.

"ஏம்புள்ள, ஊட்டுக்குள்ள எதுக்கு இது?" என்றேன்.

"சும்மா இருங்க" என்றாள்.

"இருமல் இருக்குதுங்களா அக்கா?" என்று பெண் கேட்டது.

"இல்லீங்க, நல்லா இருக்கறனுங்க."

"மூச்சு வாங்குதா?"

"எட்டு மணி நேரந்தானுங்க வேலை. மாஸ்க் எல்லாம் குடுக்கறாங்க."

எனக்கு வந்த கோபத்தில், "பொய் பேசாத! ராத்திரி பூரா உக்காந்துதான தூங்கற? இவங்க கேக்கறதே உனக்குக் குழா வரோணும்னுதான்!" என்று கத்தினேன். அம்மா மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். அவள் கோபப்பட்டு நீங்கள் அதிகம் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

"இவங்க எழுதிட்டு ஊருக்குப் போயிருவாங்க. திங்கக்கெழம நான் எங்க போய் நிப்பேன்? அங்கதான போய் நிக்கோணும்? இருமறவள எவன் லைன்ல வெச்சுக்குவான்? நீங்க வெச்சுக்குவீங்களா சாமி?" என்று அந்தச் சாரைப் பார்த்தே கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நிற்கவே இல்லை.

அடங்கிய பிறகு சார் வெள்ளைக் குழாயைக் கொடுத்தார். அம்மா ஊதினாள். முள் கொஞ்சம் அசைந்து அங்கேயே நின்றது. "இன்னொருக்கா" என்றார். அதே இடம். அவருடைய முகம் மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவங்க ஃபிளீஸ் லைனா? அன்னிக்கு ஏன் வரலை?"

"மாடியில இருந்தாங்க சார். மண்டபத்துலயே சொன்னனுங்களே."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்க சொல்றது புரியுது. ஆனா இவங்களை இப்போ சேர்த்துக்க முடியாது. உடம்பு சரியில்லாதவங்களை நாங்களா தேடிப் போய்ச் சேர்த்தா ஆய்வு ஒருதலையா ஆயிடும். ப்ராஜெக்டும் க்ளோஸ் ஆயிடுச்சு. அடுத்த கட்டம் வந்தா பார்க்கலாம்."

இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. இருமுகிறவர்கள் எல்லாம் மாடியில் ஒளிந்திருக்க மிச்சப் பேரை எண்ணினார்களே, அது ஒருதலை இல்லை. மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து கண்முன்னால் காட்டினால் ஒருதலை! அவர் கெட்டவர் இல்லை. நல்ல டாக்டர் ஒருவரிடம் போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், போனோம், மருந்து இன்றைக்கும் அதுதான். தாராபுரத்துப் பெண் வாசலில் நின்று அழுதது. அழுது என்ன செய்ய? யோசிக்கிறவர்கள் தப்பாக யோசித்துவிட்டார்கள், அதைத் திருத்த அவர்களுக்கே அனுமதி இல்லை. இத்தனைக்கும் பேர் ஆராய்ச்சி.

குழாய் வரவில்லை. கேண்டீன் சுவரில் போஸ்டர் வந்தது. அடுத்த ஃபிளீஸ் சீசனில் பாதிக்கு மேல் அம்மாவால் நிற்க முடியவில்லை. அவள் தானாக வேலையை விட்டு நின்றுகொண்டாள் என்றுதான் கம்பெனியில் எழுதியிருப்பார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்து பீஸ்களுக்குப் பிசிர் நூல் வெட்டுகிறாள். தெருக்கோடி மளிகைக்கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறாள். உங்களிடம் மட்டும் போனில், "எனக்கென்ன கண்ணு, நல்லா இருக்கறேன்" என்கிறாள். அதுவும் ஆடிட் பதில்தான், நம்பாதீர்கள்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். பார்த்ததும் எனக்கு மண்டபம் ஞாபகம் வந்துவிட்டது, சாத்தினேன். நீங்கள் கோபித்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

அம்மா மடியில் இருந்த பனியன்களைத் தள்ளிவிட்டு எழுந்தாள். என்னை ஒரு கையால் விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள். தெருமுனை வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர்களை, "கண்ணுகளா, வாங்க, வாங்க" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டதற்கே இருமினாள். திரும்பி வந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். வெயிலில் கறுத்துப்போன முகங்கள், நம் பெரியவள் வயசு. உட்கார வைத்து மோர் கொடுத்தாள்.

அந்தப் பையன் டேப்லெட்டைத் திறக்கும் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். "எழுதிக்க சாமி. எனக்கு இருமல் இருக்குது. ஃபிளீஸ் லைன்ல கைமடியா நின்னேன். எட்டு மணி நேரம் இல்ல, பன்னெண்டு மணி நேரம். மாஸ்க் டிராயர்ல இருக்கும், ஆளு வந்தாத்தான் எடுப்போம். எங்கள மாடிக்கு அனுப்பிட்டுத்தான் ஊதச் சொன்னாங்க. இப்ப நான் சொல்லலாம், திங்கக்கெழம எனக்கு எங்கயும் போகோணும்னு இல்ல."

அவள் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பையன் டேப்லெட்டை மேலே தள்ளிப் பார்த்தான், கீழே தள்ளிப் பார்த்தான். பெண்ணிடம் காட்டினான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா, எங்களது அடுப்பு பத்தினதுங்கம்மா. நீங்க கேஸ்ல சமைக்கறீங்களா, விறகுலயான்னுதான். இருமலுக்கு இதுல எடமே இல்லீங்கம்மா" என்றான்.

"ஓரத்துல எழுதிக்க கண்ணு."

"இதுல ஓரம் கெடையாதுங்கம்மா."

அம்மா அந்தக் கண்ணாடிப் பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "கேஸ்தான்" என்றாள். அவன் விரலை வைத்தான். மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள், நல்ல பிள்ளைகள்.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதி அனுப்புகிறேன். உங்கள் அம்மாவுக்கு இருமல் இருக்கிறது, அது ஃபிளீஸ் பஞ்சில் வந்தது. அவள் கேட்டுக்கொண்டபடி, எங்கேயாவது ஓர் இடத்தில் இது எழுதியிருக்க வேண்டும்.